எடை, நீளம், சிரிப்பு, நடை: ஐந்து வயது வரை குழந்தை வளர்ச்சியைக் கண்காணிக்க முழுமையான வழிகாட்டி

தடுப்பூசி போடும் புதன்கிழமையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம் அதிகம். குழந்தையை எடை மேடையில் வைக்கிறோம், எண்ணை அட்டையில் எழுதுகிறோம், அதற்குள் அடுத்த குழந்தை வந்துவிடுகிறது. அந்த எண்ணை வரைபடத்தில் புள்ளியாக வைத்து, போன முறை வைத்த புள்ளியோடு கோடு இழுத்து, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று அம்மாவுக்குக் காட்டும் வேலைதான் விட்டுப்போகிறது. எடை எடுத்ததன் பலனே அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

செவிலியர் மாணவிகள், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள், குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பெற்றோரும் தாராளமாகப் படிக்கலாம். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: ஒரு நாள் எடுத்த அளவு குழந்தையைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். அடுத்தடுத்து எடுத்த அளவுகள்தான் குழந்தை எங்கே போகிறது என்று சொல்லும்.

முதலில் வயது, பிறகு கருவி

வயதை அம்மாவிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு எழுத வேண்டாம். பிறந்த தேதியைப் பார்த்து, முடிந்த மாதங்களைக் கணக்கிடுங்கள். ஐந்து மாதம் 25 நாள் ஆன குழந்தைக்கு வயது ஐந்து மாதம், ஆறு அல்ல. ஒரு மாதம் தள்ளிப் புள்ளி வைத்தால் கோட்டின் சாய்வே மாறிவிடும்.

குறைமாதக் குழந்தைக்கு இன்னொரு கணக்கு உண்டு. 32 வாரத்தில் பிறந்திருந்தால் 40 வாரத்துக்கு எட்டு வாரம் குறைவு. அந்த எட்டு வாரத்தை இப்போதைய வயதிலிருந்து கழித்துத்தான் எடையையும் திறன்களையும் மதிப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழிக்கலாம். ஆனால் தடுப்பூசிக்கு இந்தக் கழிவு கிடையாது, பிறந்த தேதிப்படியே போட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு குறைமாதக் குழந்தைக்கு ஊசியைத் தள்ளிப்போடுவது நடக்கிறது. தொற்று எளிதில் தாக்கும் குழந்தை அதுதான்.

எடைக் கருவியைத் தினமும் காலையில் சோதியுங்கள். எடை தெரிந்த ஒரு பொருளை வைத்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காலி பாட்டிலை வைத்துப் பூஜ்யமாக்கி, ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றிப் பார்த்தால் கருவி சரியா என்று தெரிந்துவிடும். தரை சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எடை

உடைகளைக் கழற்றுங்கள், நனைந்த துணியோ டயப்பரோ கூடாது. கொலுசு, காப்பு, அரைஞாண் எல்லாம் சேர்ந்தால் எடையில் காட்டும். வெள்ளி அரைஞாணைக் கழற்ற வேண்டாம் என்று பாட்டி சொன்னால் வற்புறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் அதோடே எடை எடுத்து, அட்டையில் 'அரைஞாணுடன்' என்று எழுதுங்கள். ஒரு மாதம் அதோடும் அடுத்த மாதம் அது இல்லாமலும் எடுப்பதுதான் தவறு. தொங்கும் தராசு என்றால் துணித்தொட்டிலை மாட்டிய பிறகு பூஜ்யம் செய்து, முள்ளைக் கண் மட்டத்தில் வைத்துப் படியுங்கள். குழந்தை உதைத்து அழுதால் அம்மாவை ஏற்றிப் பூஜ்யமாக்கி, பிறகு கையில் குழந்தையைக் கொடுத்து எடுக்கும் வசதி பல டிஜிட்டல் கருவிகளில் இருக்கிறது.

எதிர்பார்க்க வேண்டியது இது. பிறந்த முதல் சில நாட்களில் எடை 10 சதவீதம் வரை குறையலாம், 10 முதல் 14 நாட்களுக்குள் பிறந்த எடையைத் திரும்பத் தொட்டுவிட வேண்டும். முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் கூடும். பிறந்த எடை ஐந்து மாதவாக்கில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு, இரண்டு வயதில் நான்கு மடங்கு ஆகும். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையை ஆரம்பத்திலிருந்தே அடிக்கடி பார்க்க வேண்டும்.

நீளம்: இரண்டு பேர் இல்லாமல் வேண்டாம்

எல்லா அளவுகளிலும் அதிகம் தவறாக எடுக்கப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு வயதுக்குக் கீழ் படுக்க வைத்து நீளம், இரண்டு வயதுக்கு மேல் நிற்க வைத்து உயரம்.

அளவுப்பலகையைத் தரையிலோ அசையாத மேசையிலோ வையுங்கள். உச்சிக்குடுமி, ஹேர்பேண்ட், குல்லா எடுத்துவிடுங்கள். உதவிக்கு நிற்பவர், பெரும்பாலும் அம்மா, தலைப்பலகைக்குப் பின்னால் இருந்து இரண்டு உள்ளங்கைகளாலும் குழந்தையின் காதுப் பக்கங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உச்சந்தலை பலகையைத் தொட வேண்டும், குழந்தையின் பார்வை நேரே மேலே இருக்க வேண்டும். அம்மாவின் முகம் தெரிந்தால் குழந்தை பாதி அடங்கிவிடும். நீங்கள் பக்கவாட்டில் நின்று இடது கையை இரண்டு முழங்கால்களின் மேலும் வைத்து மெதுவாக அழுத்தி நீட்டுங்கள். வலது கையால் கால்பலகையை நகர்த்தி, இரண்டு உள்ளங்கால்களும் தட்டையாகப் படும்படி, விரல்கள் மேல்நோக்கி இருக்கும்போது நிறுத்துங்கள். உடனே படியுங்கள், 0.1 செ.மீ. வரை. ஒற்றைக் காலை மட்டும் நீட்டி அளப்பது, குழந்தை முதுகை வில்லாக வளைத்திருக்கும்போது அளப்பது, துணியில் கோடு போட்டு டேப்பால் அளப்பது ஆகிய மூன்றும் வேண்டாம். பச்சிளங் குழந்தையின் முழங்காலை மட்டும் மிக லேசாகவே அழுத்த வேண்டும்.

நிற்கும்போது குதிகால், கெண்டைக்கால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை ஆகியவை பலகையைத் தொட வேண்டும். இரண்டு வயது ஆகாத குழந்தை படுக்க மறுத்து, நிற்க வைத்து அளந்தால் 0.7 செ.மீ. கூட்டுங்கள். இரண்டு வயது தாண்டிய குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால் 0.7 கழியுங்கள்.

பிறக்கும்போது சுமார் 50 செ.மீ., ஒரு வயதில் 75, நான்கு வயதில் 100. எடை ஒரு வாரக் காய்ச்சலில் குறைந்து, அடுத்த இரண்டு வாரத்தில் ஏறிவிடும். நீளம் அப்படி இல்லை. மாதக்கணக்கில் சாப்பாடு போதாமலும் திரும்பத் திரும்ப நோயிலும் கழிந்த காலம்தான் அதில் தெரியும். அதனால்தான் எடை சரியாக இருக்கிறதே என்று நீளத்தை விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

தலையும் கையும்

தலைச் சுற்றளவை நீளாத டேப்பால், புருவத்துக்குச் சற்று மேலாக, காதுகளுக்கு மேலே, பின்தலையின் புடைப்பைச் சுற்றி எடுக்கவும். மூன்று முறை எடுத்துப் பெரிய அளவை எழுதுங்கள். பிறக்கும்போது 33 முதல் 35 செ.மீ. முதல் மூன்று மாதங்களில் மாதம் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதங்களில் மாதம் 1, அதன்பின் ஒரு வயது வரை மாதம் அரை செ.மீ. கூடும். கோட்டைத் தாண்டி வேகமாகப் பெருக்கும் தலையும், வளராமல் நிற்கும் தலையும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. உச்சிக்குழி 9 முதல் 18 மாதங்களுக்குள் மூடும். குழந்தை அழாமல் உட்கார்ந்திருக்கும்போது அது புடைத்திருந்தாலோ குழிந்திருந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது மேல்கையின் நடுப்பகுதியில் கைச் சுற்றளவு. கை தளர்ந்து தொங்க வேண்டும், டேப் சதையை அழுத்தக் கூடாது. 11.5 செ.மீ.க்குக் கீழ் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, 11.5 முதல் 12.5 வரை மிதமானது. கூடவே இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் பள்ளம் விழுந்து நின்றால் அது வீக்கம். கன்னம் உப்பிய, 'புஷ்டியான' குழந்தை என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இந்த வீக்கம் இருக்கலாம்.

புள்ளியும் கோடும்

நாம் பயன்படுத்தும் வரைபடம் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்விலிருந்து வந்தது. தாய்ப்பால் குடித்து, நோய்க்குத் தக்க கவனிப்பு கிடைத்து வளர்ந்த குழந்தைகள் அவர்கள். இந்தியாவில் தெற்கு டெல்லியில் நடந்தது. 'அது வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான அளவு, நம்ம பிள்ளைக்குப் பொருந்தாது' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். சத்தும் சுகாதாரமும் கிடைத்தால் ஐந்து வயது வரை எல்லா ஊர்க் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளரும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரைபடம். படுக்கை அச்சில் மாதம், நிற்கும் அச்சில் எடை. பச்சைப் பட்டை சரி, மஞ்சள் குறைவு, ஆரஞ்சு கடுமையான குறைவு. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். புள்ளி பச்சையில் விழுந்தால் 'நார்மல்' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பிறந்த எடை 2.8 கிலோ. மூன்று மாதத்தில் 5.3. ஆறு மாதத்தில் 6.7. ஒன்பது மாதத்தில் 6.9. ஒன்பது மாதப் பெண் குழந்தைக்குப் பச்சைப் பட்டையின் அடிக்கோடு 6.5 கிலோ. எனவே 6.9 இன்னும் பச்சைதான். ஆனால் இவள் ஆறு மாதம் வரை தன் பாதையில் ஒழுங்காக ஏறி வந்தவள். அதே பாதையில் போயிருந்தால் ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய ஏழரைக் கிலோ இருந்திருப்பாள். மூன்று மாதத்தில் கூடியது வெறும் 200 கிராம். கோடு படுத்துவிட்டது. இந்தக் குழந்தைக்கு இப்போதே உதவி வேண்டும், மஞ்சளுக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது. மறுபுறம், பிறந்ததிலிருந்தே கீழ்ப்பக்கமாக இருந்தாலும், கோட்டுக்கு இணையாக மாதாமாதம் ஏறிக்கொண்டே வரும் சின்னக் குழந்தையின் அம்மாவை வீணாகப் பயமுறுத்தவும் வேண்டாம்.

கோட்டின் திசையைப் பார்த்து உதவுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஆறு முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை எடுத்து, ஏற்றம் தடைபட்டவர்களுக்குக் கூடுதல் உணவாக லட்டு கொடுத்தார்கள். கோடு திரும்ப ஏறியதும் நிறுத்தினார்கள். இன்று அங்கன்வாடியில் போஷன் டிராக்கர் செயலி தானாகவே வகைப்படுத்திக் காட்டுகிறது. வசதிதான், ஆனால் அம்மாவின் கையில் இருக்கும் அட்டையில் கோடு விழாவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அம்மாவிடம் பேசும்போது

'என்னம்மா இப்படி வெச்சிருக்கே பிள்ளையை' என்று ஆரம்பித்தால் அடுத்த மாதம் அவள் வரமாட்டாள். அட்டையை இருவருக்கும் நடுவில் வைத்து, கேளுங்கள்.

"வாம்மா, உட்காரு. கோட்டைப் பாரு, ஆறு மாசம் வரைக்கும் அழகா ஏறிட்டு வருது. அப்புறம் படுத்துடுச்சு பார்த்தியா? அப்ப வீட்ல என்ன நடந்துச்சு?"

"அப்பத்தான் சிஸ்டர் மில்லு வேலைக்குத் திரும்பப் போனேன். அத்தைதான் பாத்துக்குறாங்க, கஞ்சித் தண்ணி குடுக்குறாங்க. நடுவுல ஒரு வாரம் வயித்தாலயும் போச்சு."

காரணம் முழுக்க வந்துவிட்டது. இனி அத்தையையும் அடுத்த முறை கூட்டிவரச் சொல்லுங்கள். ஊட்டுவது அவர்தான்.

ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு. பதம் முக்கியம்: கரண்டியைச் சாய்த்தால் ஓடி வழியக் கூடாது. மசித்த பருப்பு சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் அல்லது எண்ணெய், முட்டை, கேழ்வரகுக் கூழ், வாழைப்பழம், கீரை, அங்கன்வாடி சத்துமாவு. ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, அரை கப் அளவு. ஒரு வயதுக்குப் பின் முக்கால் முதல் ஒரு கப். தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். வயிற்றுப்போக்கில் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழ் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. ஓ.ஆர்.எஸ்., கூடவே 14 நாட்கள் துத்தநாகம், ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி. நோய் தீர்ந்த பின் இரண்டு வாரத்துக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டச் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்தில் மறுபடி எடை. நன்றாக ஊட்டியும் ஒரு மாதத்தில் ஏறவில்லை என்றால் சாப்பாட்டுப் பேச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். சிறுநீர்த் தொற்று, வீட்டில் யாருக்காவது காசநோய், ரத்தசோகை, இதயக் குறை எதுவும் இருக்கலாம். பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்த்து, நிறுத்தி நிறுத்திக் குடிக்கும் குழந்தையின் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

திறன் வளர்ச்சி

கழுத்து நிற்பது, குப்புற விழுவது, தவழ்வது என்று நம் வீடுகளில் பாட்டிமார் எப்போதும் கணக்கு வைத்திருந்தார்கள். பிள்ளைத்தமிழின் பருவங்களே ஒரு வளர்ச்சி அட்டவணைதான்: ஐந்தாம் மாதம் தலைநிமிர்ந்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் உட்கார்ந்து கைதட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் நடந்து வரச் சொல்லும் வாரானை. இன்றைய குழந்தை மருத்துவத்தின் கணக்கோடு இது நெருங்கியே நிற்கிறது.

சோதிக்கும் முறை எளிது. குழந்தை வயிறு நிறைந்து, விழித்து, அம்மா மடியில் இருக்க வேண்டும். தொடுவதற்கு முன் சில நிமிடம் சும்மா பாருங்கள். சிவப்புக் கம்பளி உருண்டையைக் கண் முன் நகர்த்துங்கள். பின்னாலிருந்து, குழந்தை பார்க்காதபடி, கிலுகிலுப்பை ஆட்டுங்கள். விரல் நுனிப் பிடிப்பைப் பார்க்க ஒரு பொரியை வைக்கலாம், பட்டாணியோ கடலையோ வேண்டாம், தொண்டையில் சிக்கும். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய சோதனை அட்டவணையில் இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள்தான். குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கம் முடிந்துவிடும் எல்லாவற்றையும் குழந்தை செய்கிறதா என்று பார்த்தால் போதும். சில நிமிட வேலை.

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பு. மூன்று நான்கு மாதத்தில் கழுத்து. ஐந்தில் புரளல். எட்டில் துணையின்றி உட்காருதல். ஒன்பதில் பிடித்து நிற்றல், 'தாத்தா', 'மாமா' போன்ற இரட்டை ஒலிகள். ஒரு வயதில் விரல் நுனியால் எடுத்தல், அர்த்தத்தோடு ஒன்றிரண்டு சொல். ஒன்றரை வயதில் ஓட்டம். இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச்சு. மூன்றில் மூன்று சக்கர சைக்கிள். இவை சராசரிகள். உலக சுகாதார நிறுவன ஆய்வில் நலமான குழந்தைகள் தனியே நடந்த வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்திருந்தது. தவழாமலே நடந்த குழந்தைகளும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அனுப்புங்கள்:

- இரண்டு மாதம் முடிந்தும் சிரிப்பில்லை, சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை
- நான்கு மாதத்துக்குப் பிறகும் கழுத்து நிற்கவில்லை, கை எப்போதும் இறுக மூடியே இருக்கிறது
- பத்து மாதத்தில் உட்காரவில்லை
- ஒரு வயதில் மழலை இல்லை, கைகாட்டல் இல்லை, பெயர் சொன்னால் திரும்பவில்லை
- ஒன்றரை வயதில் நடக்கவில்லை
- இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை
- ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது
- கண்மணி வெள்ளையாகத் தெரிகிறது
- எந்த வயதிலும், வந்த திறன் திரும்பப் போய்விட்டது

கடைசி இரண்டுக்கும் நாள் கடத்தவே கூடாது.

'ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்', 'அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்' என்ற இரண்டு பேச்சுகளால் காது கேளாத எத்தனையோ குழந்தைகள் விலைமதிப்பில்லாத மாதங்களை இழக்கிறார்கள். காது சோதனை ஒரு மாதத்துக்குள், குறை உறுதிப்படுவது மூன்று மாதத்துக்குள், சிகிச்சை ஆறு மாதத்துக்குள் என்பதே இலக்கு. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தவர்களுக்கு 30 நாட்களுக்குள் விழித்திரை சோதனை கட்டாயம்.

வீட்டில் செய்யச் சொல்ல வேண்டியது பேச்சும் விளையாட்டும். குளிப்பாட்டும்போது உறுப்புகளின் பெயர் சொல்லலாம். கிண்ணமும் கரண்டியும் போதும், விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. தள்ளிக்கொண்டு நடக்கும் மர நடைவண்டி நல்லது. உள்ளே உட்கார வைக்கும் சக்கர வாக்கர் வேண்டாம், அது படியில் கவிழும். கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது. இரண்டு வயது வரை செல்போன் வேண்டாம், அதன்பின்னும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

வார்டில்

குழந்தை அட்மிட் ஆனதும் எடைதான் முதல் வேலை, ஏனெனில் மருந்தும் திரவமும் எடைக் கணக்கில்தான். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 10 கிலோ குழந்தைக்கு 150. எடையைக் குத்துமதிப்பாக எழுதினால் எல்லா அளவும் தவறிப்போகும்.

சோதனைகளில் மூச்சை முதலில் எண்ணுங்கள். அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40, இவற்றைத் தொட்டாலே வேகமான மூச்சு. பிறகு இதயத் துடிப்பு, பிறகு வெப்பநிலை, தொண்டையும் காதும் கடைசியில்.

ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை அம்மாவைப் பிரிவதுதான் பெரிய வேதனை. ஊசி போடும்போது அம்மாவை வெளியே அனுப்பாதீர்கள், பால் குடித்துக்கொண்டே ஊசி போட்டால் கைக்குழந்தைக்கு வலி குறையும். மூன்று நான்கு வயதுப் பிள்ளை, தான் செய்த தப்புக்குத் தண்டனையாகத்தான் ஊசி என்று நம்பும். 'அழுதா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க' என்று பெற்றோர் மிரட்டினால் அந்த நம்பிக்கை இறுகிவிடும், அங்கேயே அன்பாகத் திருத்துங்கள். படுக்கையில் சிறுநீர் போவது, விரல் சூப்புவது திரும்ப வந்தால் திட்ட வேண்டாம், வீட்டுக்குப் போன சில வாரங்களில் சரியாகும். ஆனால் பேச்சையே இழந்த குழந்தையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அனுப்பும்போது

திறன் தாமதத்துக்கு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம். பிறவிக் குறை, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற அரசுத் திட்டம் 2013 முதல் நடக்கிறது, அதன் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும். கைச் சுற்றளவு 11.5-க்குக் கீழோ இரண்டு பாத வீக்கமோ இருந்து, பசி இல்லாமலோ காய்ச்சலோடோ இருந்தால் அன்றே ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பரிந்துரைச் சீட்டில் 'எடை குறைவு' என்று மட்டும் எழுதாதீர்கள். பிறந்த எடை, கடைசி மூன்று அளவுகள் தேதியோடு, குறைமாதமா, எந்தத் திறன் எந்த மாதத்தில் வந்தது, என்ன செய்து பார்த்தோம் என்பதை எழுதுங்கள். அம்மாவின் கைபேசி எண்ணை உங்கள் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் கூப்பிட்டுப் போனாரா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பஸ் செலவு, அன்றைய கூலி, அல்லது மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. அதற்கு வழி செய்து, புதுத் தேதி வாங்கிக் கொடுங்கள்.